பாதியில் நின்றுபோன ஸ்கெட்ச் புக்: கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி

வீட்டில் கிடக்கும் பழைய ஸ்கெட்ச் புக்கை எடுத்துப் பாருங்கள். முதல் ஏழெட்டுப் பக்கம் நிரம்பியிருக்கும், மீதி வெறுமையாக இருக்கும். கேட்டால் "ஆர்வம் போயிடுச்சு" என்போம். அப்படி முடிவுகட்டிவிட்டால் வைத்தியமே கிடையாது. புத்தகம் நின்ற இடத்தைத் திறந்து பார்த்தால் வேறு காரணம் கண்ணில் படும்: மை ஊறி மறுபுறம் தெரியும் தாள், கிழித்தெடுத்த பக்கத்தின் அடிக்கட்டை, அழித்து அழித்துப் பஞ்சாகிப்போன ஒரு முகம்.

அந்தக் கடைசிப் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கீழே எது பொருந்துகிறதோ அங்கே போங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

புத்தகம் வாங்கி மாதக்கணக்காகிறது, முதல் பக்கமே இன்னும் வெள்ளை

காரணம் அநேகமாக விலை. கெட்டி அட்டை, பருத்தித் தாள், துணி முதுகு என்று பார்த்துப் பார்த்து வாங்கிய புத்தகத்தில் ஒரு பக்கம் வீணானால் எத்தனை ரூபாய் நஷ்டம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அதை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு புத்தகத்தை நீங்களே தைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 100 கிராம்) ஏ4 தாள் 8 எடுங்கள். ஒவ்வொன்றாக நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் ஏ5 அளவில் 32 பக்கம் வரும். மொத்தமாகச் சேர்த்து மடித்தால் மடிப்பு உருண்டு நிற்கும், அதனால்தான் ஒவ்வொன்றாக. மேலட்டைக்குப் புதுச்சட்டை வந்த பெட்டியின் அட்டை போதும். மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள், அட்டை வெடிக்காது.

மடிப்பின் நீளம் 21 செ.மீ. மேலிருந்து 3, 10.5, 18 செ.மீ. அளவுகளில் மூன்று துளை, கோணி ஊசியால். தடித்த பருத்தி நூல் 60 செ.மீ. வெட்டி, மெழுகுவத்தியில் ஒருமுறை உருவிக்கொள்ளுங்கள். உள்பக்கம் நடுத்துளையில் ஊசியை நுழைத்து வெளியே எடுங்கள். நூலின் வால் ஒரு சாண் உள்ளே நிற்கட்டும். வெளியே வந்த ஊசி மேல்துளை வழியாக உள்ளே போகிறது, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே வருகிறது, கடைசியாக நடுத்துளைக்குத் திரும்பி உள்ளே வருகிறது. இப்போது உள்ளே மேலிருந்து கீழாக ஒரு நீள நூல் ஓடும். இரண்டு வால்களையும் அதன் இருபுறமும் விட்டு இறுக்கி முடிச்சுப் போடுங்கள். நூலை இழுக்கும்போது மடிப்பின் போக்கிலேயே இழுக்க வேண்டும். தாளுக்குக் குறுக்கே இழுத்தால் துளை கிழிந்துவிடும்.

கடையில் தாளின் ஜிஎஸ்எம் தெரியாமல் உதிரியாகக் கொடுப்பார்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. 16 ஏ4 தாள் சேர்ந்தால் சரியாக ஒரு சதுர மீட்டர். ஆகவே 16 தாளை மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் ஜிஎஸ்எம். ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரை வரும். பென்சிலுக்கும் பால்பாயிண்ட் பேனாவுக்கும் 100 போதும். வாட்டர்கலருக்கு 200க்குக் கீழே இறங்க வேண்டாம்.

150 ஜிஎஸ்எம் தாண்டிய தாளைத் தைப்பதாக இருந்தால் மட்டும் இழையின் போக்கைப் பாருங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்தால் ஒரு பக்கம் எளிதாக வளையும், இன்னொரு பக்கம் முரண்டும். எளிதாக வளையும் வாக்கில் மடிப்பு விழ வேண்டும். எதிர்வாக்கில் மடித்த புத்தகம் எத்தனை கனம் வைத்தாலும் திறந்துகொண்டு நிற்கும்.

விலையுயர்ந்த புத்தகத்தில்தான் வரைவேன் என்றால், முதல் பக்கத்தை வீட்டிலுள்ள எல்லாப் பேனாவும் பென்சிலும் கிறுக்கிப் பார்க்கும் சோதனைப் பக்கமாக்கிவிடுங்கள். அத்துடன் அதன் பவித்திரம் போய்விடும். படத்தை ஐந்தாம் பக்கத்திலிருந்து தொடங்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

பக்கங்களைக் கிழித்துக் கிழித்துப் புத்தகம் மெலிந்துவிட்டது

ஸ்பைரல் புத்தகத்தின் குணம் இது. கிழிக்க அது இடம் கொடுக்கிறது. தையல் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தால் எதிர்ப்பாதியும் கழன்று வரும், ஆகவே கை தயங்கும். புத்தகத்தை எடுத்த அன்றே ஒற்றைப் பக்கங்களில் எண் போட்டுவிடுங்கள். பார்க்கவே பிடிக்காத பக்கத்தின் மேல் ரயில் டிக்கெட்டையோ பில்லையோ ஒட்டி, அதன் மேல் வரையலாம். ஒட்டுவதற்கு க்ளூ ஸ்டிக். வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம், மெல்லிய தாளைச் சுருக்கிவிடும்.

முதல் வாரம் தினமும் வரைந்தேன், பிறகு நின்றுவிட்டது

புத்தகத்தின் அளவைப் பாருங்கள். ஏ4 என்றால் அதை எடுக்க மேசை வேண்டும், மேசையை ஒழிக்க வேண்டும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். ஏ6க்கு இறங்குங்கள், 10.5க்கு 14.8 செ.மீ. உள்ளங்கையில் வைத்தே வரையலாம். சீவிய பென்சில் ஒன்று ரப்பர் பேண்ட் போட்டுப் புத்தகத்தோடேயே இருக்க வேண்டும். பென்சில் தேடும் மூன்று நிமிடத்தில்தான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள்.

தனியாக நேரம் ஒதுக்காமல், ஏற்கெனவே காத்திருக்கும் நேரத்தோடு இதைக் கட்டிவிடுங்கள்: குக்கர் மூன்று விசில் வரும்வரை, டியூஷன் வாசலில் பிள்ளை வெளியே வரும்வரை. விசில் வந்தால் பாதியில் நிறுத்துங்கள். அரைகுறைப் படம் மறுநாள் கையை இழுக்கும்.

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, வரைந்தபோது சலிப்பாக இருந்தது

போனில் பார்த்து நகலெடுக்கும்போது வரும் சலிப்பு இது. மூன்று பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையைக் கேமரா முன்பே முடித்துவிட்டது. உங்களுக்கு மிச்சம் விட்டது அளவெடுத்துப் படியெடுக்கும் வேலை. அதில் திறமை வளரும், சுவை இருக்காது.

மாற்று: முன்னால் இருக்கும் பொருளை எடுங்கள். செருப்பு, முருங்கைக்காய், கழற்றிப் போட்ட சட்டை, எதுவும் ஆகும். பேனாவைத் தாளில் வைத்துவிட்டு, மூன்று நிமிடம் தாளைப் பார்க்கவே கூடாது. கண் பொருளின் ஓரத்தில் எறும்பு போல ஊர வேண்டும், பேனா அதே வேகத்தில் நகர வேண்டும். பேனாவை எடுக்கக் கூடாது. வருவது கோணலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோட்டில் செருப்பின் தேய்ந்த குதிகால் இருக்கும். போனைப் பார்த்து வரைந்த படத்தில் அது அநேகமாக இருந்திருக்காது.

கை ரொம்பவும் பழகிப்போய், கண்ணும் மூக்கும் ஒரே அச்சில் விழுகிறது என்றால் ஒரு பக்கத்தை இடது கையால் வரையுங்கள். பக்கவாதத்தில் வலது கை முடங்கியபோது ஓவியர் கோபுலு இடது கையால் வரையப் பழகினார். அந்த உழைப்பு வேறு. நமக்கு இதில் ஆகவேண்டியது கை வேகம் குறைவது, அவ்வளவுதான்.

வரைந்த கையோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் பழக்கம் இருந்தால், புத்தகம் முடியும்வரை நிறுத்திப் பாருங்கள்.

கோடுகள் முடி முடியாக வருகின்றன

ஒரு கோட்டைப் பத்துச் சிறு கோடுகளாகத் தடவித் தடவிப் போடுவது. மணிக்கட்டை மட்டும் அசைப்பதும், ரப்பர் பக்கத்திலேயே இருப்பதும் காரணம். கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு புள்ளி வைத்து, தாளைத் தொடாமல் காற்றில் இரண்டு முறை கையை ஓட்டிவிட்டு, மூன்றாவது முறை ஒரே இழுப்பாக இழுங்கள். கண் முடிவுப் புள்ளியில் இருக்கட்டும், பேனா நுனியில் வேண்டாம். 5 செ.மீ. தாண்டிய கோட்டுக்கு முழங்கையோ தோளோ அசைய வேண்டும். ஒரு வாரம் பால்பாயிண்ட் பேனா மட்டும். அழிக்க வழியில்லாவிட்டால் தடவுவதும் குறையும்.

டம்ளர் சாய்கிறது, டபரா மிதக்கிறது

பாத்திரம், குடம், உரல், கிணற்றின் வாய், எல்லாவற்றுக்கும் இதே கோளாறு. வட்டமான வாயைச் சரிவிலிருந்து பார்த்தால் நீள்வட்டம். கண் அதைப் பார்க்கிறது, ஆனால் "இது வட்டம்" என்று மூளைக்குத் தெரிந்திருப்பதால் கை அதை அளவுக்கு மீறி அகலத் திறந்துவிடுகிறது. அடியைப் பற்றி மூளைக்குத் தெரிந்தது "இது மேசையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது" என்பது. ஆகவே அடிக்கு நேர்க்கோடு போட்டுவிடுகிறோம். மேலே அகன்று திறந்த வாய், கீழே நேர்க்கோடு. ஒரே டம்ளரை இரண்டு இடத்திலிருந்து பார்த்தது போல ஆகிவிடும்.

சரிசெய்யும் முறை: முதலில் நடுவில் ஒரு நேர்செங்குத்துக் கோடு, டம்ளரின் முதுகெலும்பு. வாயின் நீளமான அச்சு இதற்குச் செங்கோணத்தில் வர வேண்டும். அது சாய்ந்தால் டம்ளரும் சாயும். பிறகு பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, வாயின் அகலத்தையும் திறப்பின் உயரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். டம்ளர் வாய்க்கு 40 செ.மீ. மேலே உங்கள் கண்ணும், 70 செ.மீ. தள்ளி நீங்களும் இருந்தால் பார்வைச் சரிவு ஏறக்குறைய 30 பாகை. அந்தச் சரிவில் நீள்வட்டத்தின் உயரம் அகலத்தில் சரிபாதி. அதற்கு மேல் திறந்திருந்தால் மூளை வரைந்திருக்கிறது.

கண் மட்டத்துக்கு நெருங்க நெருங்க நீள்வட்டம் ஒடுங்கும், கீழே போகப் போகத் திறக்கும். டபராவுக்குள் டம்ளர் நிற்கும்போது டம்ளரின் வாய் உயரத்தில் இருப்பதால் ஒடுங்கியும், டபராவின் வாய் தாழ்ந்திருப்பதால் அதைவிடத் திறந்தும் தெரியும். டபராவின் அடி இன்னும் உருண்டு வளையும். இந்த வரிசை மாறினால்தான் டபரா மிதக்கிறது. நீள்வட்டத்தின் இரண்டு முனைகளும் மீன் வாய் போலக் கூராக வரக் கூடாது, சிறிதாக இருந்தாலும் உருண்டு திரும்ப வேண்டும்.

படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது மட்டும் மேல்பாகம் நீண்டு தெரிகிறதா? புத்தகம் மேசையில் படுத்திருக்கிறது. தொலைவில் உள்ள மேல்பாதி குறுகித் தெரிவதால் அதை நீட்டி வரைந்துவிடுகிறீர்கள். இரண்டு தடித்த புத்தகத்தின் மேல் சாய்த்து, 20 முதல் 30 பாகை நிமிர்த்தி வைத்தால் போதும்.

கோபுரம் வரையத் தொடங்கி இரண்டாம் நிலையிலேயே அலுத்துவிடுகிறது

விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்த ஓவியர் சில்பியின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கோபுரம் என்றால் ஒவ்வொரு பொம்மையும் தெரிய வேண்டும் என்று மனத்தில் பதிந்திருக்கும். அந்த நுணுக்கத்தை மாலையில் ஒரு மணி நேரத்துக்குள் எட்ட நினைத்தால் அலுப்புதான் மிஞ்சும்.

வரிசையை மாற்றுங்கள். நடுவில் செங்குத்துக் கோடு. ஒவ்வொரு நிலையின் நடுவிலும் உள்ள வாசல்கள் இதன் மேல்தான் அடுக்காக ஏறும். கீழே கல்லாலான பகுதி ஏறக்குறைய நேராக நிற்கும். மேலே செங்கலும் சுதையுமான பகுதிதான் உள்வாங்கிக் குறுகும். மதுரைக் கோபுரங்களில் அந்தப் பக்கக்கோடு உள்நோக்கி மெல்ல வளைந்திருக்கும், நேர்க்கோடு போட்டால் பிரமிடு ஆகிவிடும். நிலைகளின் உயரமும் மேலே போகப் போகக் குறையும். சமமாகப் பிரித்தால் கோபுரம் ஃப்ளாட் கட்டடம் போலத் தெரியும். உச்சியில் வண்டிக்கூண்டு போல வளைந்த கூரை, அதன் மேல் ஒற்றைப்படையில் கலசங்கள்.

புறக்கோடு சரியானதும் பொம்மைகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள நிழல்களை மட்டும் 4பி பென்சிலால் கறுப்புத் திட்டுகளாக வையுங்கள். ஒரே ஒரு நிலையில், பார்வை விழும் இடத்தில், நாலைந்து உருவத்தை விவரமாகப் போடுங்கள். மற்றதைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். வெயில் சரிந்து விழும் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும்தான் இந்த நிழல் தெளிவாகக் கிடைக்கும். நடுப்பகலில் எல்லாம் தட்டை.

தலை பெரிதாகி, கால் பக்கத்துக்கு வெளியே போய்விடுகிறது

தலையிலிருந்து தொடங்குவதால் வருவது. முதலில் உச்சிக்கும் பாதத்துக்கும் இரண்டு சிறு கோடு, நடுவில் ஒன்று. நின்றிருக்கும் பெரியவருக்கு இடுப்புக்குக் கீழே, தொடை பிரியும் இடம் ஏறக்குறைய அந்த நடுக்கோட்டில் விழும். பிறகு தலைக்கு வாருங்கள்.

வரைந்து முடிப்பதற்குள் ஆள் எழுந்து போய்விடுகிறார்

போகத்தான் செய்வார். ஒரே ஆளை நம்பாமல் ஒரு பக்கத்தில் ஐந்தாறு உருவத்தை ஒரே சமயத்தில் தொடங்குங்கள். ஒருவர் அசைந்தால் அடுத்தவருக்கு மாறலாம். முதல் பத்து விநாடி முதுகுக் கோட்டுக்கும் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதற்கும். முகம் கடைசி. டீ மாஸ்டர், இஸ்திரி போடுபவர், பூக் கட்டுபவர் போன்றவர்கள் ஒரே அசைவுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். இவர்களை வரைவது பஸ் ஸ்டாண்டில் நிற்பவரை வரைவதைவிடச் சுலபம். இரவு ரயிலில் தூங்குபவர்கள் இன்னும் சுலபம், ஆனால் முகம் அடையாளம் தெரியும்படி போடாமலிருப்பது மரியாதை.

யாராவது எட்டிப் பார்ப்பார்களே என்ற கூச்சம் இருந்தால் சுவருக்கு முதுகு கொடுத்து உட்காருங்கள். குழந்தைகள் எப்படியும் வருவார்கள். ஒரு தாளும் பென்சிலும் உபரியாக வைத்திருந்தால் அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.

பென்சில் எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, எல்லாம் சாம்பலாகிறது

பென்சில் எண்ணில் பி ஏற ஏறக் களிமண் குறைவு, கிராஃபைட் அதிகம், தீற்றலும் அதிகம். இரண்டு பக்கமும் வரையும் புத்தகத்தில் 2பியைத் தாண்டாதீர்கள், அல்லது வலப்பக்கத்தில் மட்டும் வரையுங்கள். கை வேர்வையால் வரும் தீற்றலுக்கு உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள். ஸ்பைரல் புத்தகத்தில் தாள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும், பைக்குள் போகும்போது ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். ஃபிக்ஸேட்டிவ் (பென்சில் தீற்றாமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடிப்பதானால் மொட்டைமாடியில், 30 செ.மீ. தள்ளி, மெல்லிய இரண்டு பூச்சாக. ஹேர் ஸ்ப்ரே மலிவுதான், ஆனால் நாளாக ஆகத் தாள் மஞ்சளாகும்.

மை பரவுகிறது, அல்லது கலர் பட்டதும் கரைகிறது

இவை இரண்டு வேறு கோளாறுகள். கோட்டின் ஓரம் வேர்விட்டது போலப் பரவினால் குற்றம் தாளில்: ஈரத்தைத் தடுக்கும் பசைப்பூச்சு குறைவு. மழைக்காலத்தில் நல்ல தாளும் ஈரம் குடித்து இப்படிச் செய்யும். அந்தப் புத்தகத்தைப் பென்சிலுக்கும் பால்பாயிண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு சுத்தமாக இருந்து, மேலே வாட்டர்கலர் போட்டதும் கரைந்தால் குற்றம் மையில். சாதாரண ஃபவுண்டன் பேனா மை சாயத்தால் ஆனது, தண்ணீரில் கரையும். நிறமித்துகள் மை காய்ந்தால் கரையாது. ஜெல் பேனாவில் இரண்டு வகையும் உண்டு, அட்டையைப் பார்த்து நம்ப வேண்டாம். சோதனைப் பக்கத்தில் கோடு போட்டு, பத்து நிமிடம் விட்டு, ஈரப் பிரஷ்ஷால் ஒரு தடவு தடவினால் தெரிந்துவிடும். கரையாத மை வேண்டுமென்று இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள அரக்கு காய்ந்து நிப்பை அடைத்துவிடும். அதைத் தொட்டெழுதும் நிப்பில் மட்டும் பயன்படுத்தி, எழுந்திருக்கும் முன் கழுவிவிட வேண்டும். கரையும் மையையே வேண்டுமென்று பயன்படுத்தினால் ஒரு லாபம் உண்டு: ஈரப் பிரஷ்ஷால் கோட்டைத் தொட்டாலே நிழல் கிடைக்கும், தனியாகக் கலர் பெட்டி வேண்டாம்.

தாள் அப்பளமாகிறது, கலர் சேறாகிறது

தாளின் நான்கு மூலையையும் கிளிப் போட்டுப் பிடித்து, பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டுக் கலர் எடுங்கள். ஏற்கெனவே நெளிந்த தாளின் பின்புறத்தை ஈரப் பஞ்சால் லேசாகத் தடவி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, ஒரு இரவு கனம் ஏற்றி வையுங்கள். சேறாவதற்குக் காரணம் அவசரமும் ஒற்றைத் தண்ணீர் டம்ளரும். கழுவ ஒன்று, கலக்க ஒன்று என இரண்டு வேண்டும். கீழ்ப்பூச்சு காய்ந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். கலர் பெட்டியை ஈரத்தோடு மூடினால் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும்.

பழைய புத்தகங்களில் பழுப்புப் புள்ளியும் அரித்த ஓரமும்

புள்ளி ஈரத்தால், அரிப்பு ராமபாணப் பூச்சியால். தரையோடோ வெளிச்சுவரோடோ ஒட்டி வைக்காமல் நடுத்தட்டில் நிமிர்த்தி வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போடலாம். நீல மணி வகையில் மணிகள் இளஞ்சிவப்பானால் இனி ஈரம் உறிஞ்சாது, மாற்ற வேண்டும். அடர்ந்த பென்சில் பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர். சாய மையில் வரைந்த படம் வெளிச்சத்தில் மங்கும். புத்தகம் மூடியிருக்கும்வரை பயமில்லை. சுவரில் மாட்டுவதாக இருந்தால் ஸ்கேன் எடுத்து, அந்தப் பிரதியை மாட்டுங்கள்.